ஆளில்லா அறையில் உங்கள் குரல்

அக்கா,

இன்று காலை கம்ப்யூட்டர் அறையைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. ஈரச் சாக்கை அடுப்பருகே காயப்போட்டதுபோல, சூடான தூசியும் பூஞ்சையும் கலந்த வாசனை. மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் உள்ளே இருப்பதாகவே ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

மலைமேல் கொட்டச்சேட்டில் நம் பள்ளிக்கு அந்தக் கம்ப்யூட்டர்கள் கடல் கடந்து வந்தபோது ஊரே திரண்டு பார்த்தது. அனுப்பியவர்கள் புகைப்படம் கேட்டார்கள், எடுத்து அனுப்பினோம். பிறகுதான் பிளக் நம் சுவரில் நுழையாது என்று தெரிந்தது. நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினீர்கள். மழைக்காலம் வந்தது. மின்சாரம் ஏறி இறங்கியதில் சில கருகின. ஒன்றுக்குள் எறும்பு குடியேறியது. மற்றவற்றை ஈரம் தின்றது. சேலத்து மெக்கானிக், இந்த மாடலுக்கெல்லாம் சாமான் வருவதில்லை என்று கையை விரித்தார். அனுப்பியவர்களுக்கு எழுதினோம், பதிலே இல்லை.

நீங்கள் கணக்கு டீச்சர், நான் தமிழ். நமக்கு அந்தப் பெட்டிகளைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் செத்ததில் கழற்றி, ஓடுகிறதில் மாட்டிப் பார்த்தீர்கள். நான் சலித்துக்கொண்டால், "நம்மள நம்பித்தான அனுப்புனாங்க. அப்படியே போட்டுற முடியுமா கண்ணு?" என்பீர்கள்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. பிள்ளைகள் அதில் தமிழில் டைப் அடிக்கப் பழகினார்கள். எழுத்துத் தப்பினால் அது கிறீச்சென்று கத்தும். பிள்ளைகள் மிரள்கிறார்கள் என்று, அந்தச் சத்தத்துக்குப் பதிலாக உங்கள் குரலைப் பதிந்துவைத்தீர்கள்: "தப்பு கண்ணு. மறுபடி அடி." பெட்டி சூடாக இருந்தால்தான் ஈரம் ஏறாது என்று, மின்சாரம் போய் வந்தால் அதுவே விழித்துக்கொண்டு பாடத்தைத் திறக்கும்படி செய்ததும் நீங்கள்தான்.

அந்த மழையில்தான் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் சளி என்று சொல்லிக்கொண்டே பள்ளிக்கு வந்தீர்கள். சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நெஞ்சு முழுக்கப் பரவியிருந்தது. பிறகு நீங்கள் மலையேறவில்லை, அங்கேயே கண்ணை மூடிவிட்டீர்கள்.

அறையைப் பூட்டிவிட்டோம். ஒரு நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, மழையில் போயிருந்த மின்சாரம் வந்தது. சத்துணவு சமைக்கும் செல்லம்மா வெளிறிய முகத்தோடு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், பூட்டுன ரூமுக்குள்ள அவங்க பேசறாங்க. நீங்களே வந்து கேளுங்க."

கதவில் காதை வைத்தேன். "தப்பு கண்ணு. மறுபடி அடி." சற்று அமைதி. "தப்பு கண்ணு. மறுபடி அடி." உள்ளே யாரோ விடாமல் தப்பாக அடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சலிக்காமல் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

பூட்டைத் திறந்தேன். அறையில் யாருமில்லை. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கீபோர்டுக்குள் ஈரம் இறங்கி, ஒரு எழுத்து தானாக விழுந்துகொண்டிருந்தது. காரணம் புரிந்த பிறகும் பயம் போகவில்லை. செல்லம்மா வாசலிலேயே நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டு, உங்களிடம் சொன்னார்.

"போதுங்க டீச்சர். ஊட்டுக்குப் போங்க."

விஷயம் பரவியது. பிள்ளைகள் அந்தப் பக்கமே வர மறுத்தார்கள். பழைய இரும்புக்குப் போடலாம், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்றார் தலைமையாசிரியர். ஒண்டிக்கடை முக்கில் செல்போன் கடை வைத்திருப்பவரை நான் அழைத்துவந்தேன். குரலை மட்டும் என் போனில் எடுத்துக்கொள்கிறேனா என்று அவர் கேட்டார். ஆளில்லாத அறையில் உங்களை இத்தனை நாள் பேசவைத்ததே போதும் என்று தோன்றியது.

"வேண்டாங்க. அழிச்சுருங்க" என்றேன்.

கீபோர்டு புதிது. மின்சாரம் வந்ததும் தானே விழிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். தூசி தட்டுவதும் எறும்பு பார்ப்பதும் இப்போது என் வேலை. பிள்ளைகள் மெல்லத் திரும்பிவிட்டார்கள். தப்பு அடித்தால் இப்போது எந்தச் சத்தமும் வராது.

ஆனால் அக்கா, இன்று முதல் பீரியடில், இந்த வருடம் சேர்ந்த ஒரு சிறுமி தப்பாக அடித்தாள். வெளியூரிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் மகள். உங்களைப் பார்த்ததே இல்லை. கையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "சரிங்க டீச்சர்" என்றாள்.

நான் அறையின் மறுகோடியில் இருந்தேன். வாயே திறக்கவில்லை. யாரிடம் சொன்னாய் என்று அவளைக் கேட்கவும் இல்லை. அருகில் போய்த் திரையைப் பார்த்தேன். மறுபடி அடித்திருந்தாள், சரியாக இருந்தது.