ஆலிவர் குடித்த ரசம்

ஜூலை 14, செவ்வாய்

இந்த நாட்டில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். குளிர் தொடங்கியதிலிருந்து என் இரண்டு வயது மகள் மீனுவுக்கு மூக்கு ஒழுகல். எதிர்ப்பு சக்தி வரட்டும் என்று தினமும் மிளகு ரசத்தை இளஞ்சூடாக அவள் கப்பில் ஊற்றி டேகேருக்கு அனுப்புகிறேன். கப் காலியாகத் திரும்பும். எனக்கு ஒரே பெருமை.

இன்று அழைத்துவரப் போனால், அங்கே வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சுபா சிரிக்கிறாள். "அக்கா, மீனுவும் ஆலிவரும் ஒவ்வொரு நாளும் கப்பை மாத்தித்தான் குடிக்கினம். அவனுக்கு உங்கட ரசம், இவவுக்கு அவன்ர ஆப்பிள் ஜூஸ்."

ஆலிவர் இந்தக் குளிருக்கு ஒரு தும்மல்கூடப் போடவில்லையாம். வாசலில் அவன் அம்மா என் கையைப் பிடித்து, அந்த சூப்பை எப்படிச் செய்வது என்று கேட்டாள். எனக்கு வந்த எரிச்சல்!

பக்கத்தில் மீனு இருமுகிறாள். நாளைக்கு மிளகு இடித்து வைத்துவிட்டேன். காரம் கொஞ்சம் குறைவுதான். பாவம், ஆலிவர் சின்னப் பிள்ளை.