தாதாவுக்கும் மகராசிக்கும் நடுவே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், உன் தாதா ரொம்பவே நலம், மகராசிதான் இப்போதைக்குச் சுமார். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கையால் எழுது, போனில் நீ சொல்லும் 'நல்லா இருக்கேம்மா'வை நான் நம்புவதில்லை. நாங்கள் ஓயாமல் சண்டை போடுகிறோம் என்று நீ வேலையை ராஜினாமா செய்துவிட்டு இங்கேயே வந்துவிடப் போவதாக உன் அக்கா சொன்னாள், கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், இதையெல்லாம் ஸ்பீக்கரில் பேச முடியாது. இப்போது அவர் வீட்டில் இல்லை, தைக்க வேண்டிய யூனிபார்ம் மெஷின் மேல் மலையாய்க் கிடக்கிறது, கிடக்கட்டும் என்று எழுதுகிறேன். முதலில் மீன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல வரும்.

நீ விட்டுவிட்டுப் போன இரண்டு சிக்லிட் மீனில் தாதா நாளுக்கு நாள் பெருக்கிறது, நெற்றி வேறு புடைத்துவிட்டது, யாரோ கோபத்தைப் பிடித்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கிறது. தொட்டியில் அதைத் தவிர இருந்த ஒரே உயிர் மகராசி, அதனால் எல்லா அடியும் அவளுக்குத்தான். வால் கிழிந்து செதில் போய் பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள், தீனி போட்டாலும் வரவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டால் உனக்கு எப்படிச் சொல்வது என்ற பயத்தில் ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக வைத்துத் தைத்துவிட்டேன். போனில் உன்னிடம் புலம்பியதற்கு, பயப்படாம மேல நீந்துற மீனா கொஞ்சம் வாங்கி விடும்மா, அதுங்க வெளிய சுத்துறதப் பாத்தா இவளும் வருவா, அவன் கவனமும் பிரியும் என்று நீ சொன்னாய். எந்த மீன் என்று சொல்வதற்குள் லைன் போய்விட்டது, திரும்பக் கூப்பிட்டுக் கேட்க எனக்குப் பொறுமை ஏது. நான் போய் நிறம் பார்த்து வாங்கினேன், தையல்காரி புத்தி, நீலமும் சிவப்புமாய் ஜரிகை நூல் போல மினுங்கிய குட்டி மீன்கள். தாதா அதை டிபன் என்று நினைத்துக்கொண்டது, நான் பிளாஸ்டிக் கவரை மடித்து வைத்துத் திரும்புவதற்குள் பாதியைக் காணோம். அப்பா என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத் தானே போய், சாதுவாக இருக்கட்டும் என்று அடியிலேயே கிடக்கும் மீசை மீனாகப் பார்த்து வாங்கி வந்தார். அதுகளும் கல்லுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன, தொட்டியில் பயந்தவர்கள் கூட்டம் பெருகியதுதான் மிச்சம். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் தாதா வாயை எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்று கேட்டார். அந்த வாய்க்குள் அடங்காத உடம்பு வேண்டும், கவ்விக் கிழிக்கிற மாதிரி நீளத் துடுப்பு கூடாது, மேல் தண்ணீரிலேயே சுற்ற வேண்டும், ஓட்டத்தில் தாதாவை ஜெயிக்க வேண்டும் என்றார். அப்பாவுக்குத் தட்டையாய்ப் பளபளக்கும் சில்வர் டாலர் மேல்தான் கண். அது தானே பயந்து சிதறும் சார், அதப் பாத்து உங்க மீனும் பதறும் என்று தடுத்துவிட்டு அவர் பெரிய டானியோவைக் காட்டினார், விரல் நீளம், ஒரு கணம் சும்மா நிற்காது. இரண்டு போதாதா என்று கேட்டேன். ரெண்டு விட்டா அடிவாங்கியே செத்துடும்மா, கூட்டமா விட்டாத்தான் எதைத் துரத்துறதுன்னு அதுக்கே குழம்பும் என்றார். துள்ளி வெளியே விழும் என்றதால் அப்பா கம்பிவலையை வெட்டி மூடி செய்தார். டானியோவை விடுவதற்கு முன் கல்லையெல்லாம் இடம் மாற்றச் சொல்லியிருந்தார் கடைக்காரர், எது தன் இடம் என்று தாதாவுக்குத் தெரியாமல் போகுமாம். நானும் அப்பாவும் முழங்கை வரை நனைந்து கல் மாற்றினோம், வெகு நாளைக்குப் பிறகு சண்டை இல்லாமல் சேர்ந்து செய்த வேலை, எந்தக் கல் எங்கே என்பதில் மட்டும் கொஞ்சம் முட்டிக்கொண்டோம்.

இப்போது தாதா துரத்துகிறது, டானியோ நழுவுகிறது, மகராசி மெல்ல வெளியே வந்து தின்கிறாள், வால் துளிர்க்க ஆரம்பித்திருக்கிறது. அத்தோடு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம், என் மனசைத்தான் உனக்குத் தெரியுமே, கவலை டானியோ பக்கம் தாவிவிட்டது. அதில் ஒன்று கூட்டத்தோடு ஓடாமல் மூலையில் தனியாய் நின்று செவுள் படபடக்க மூச்சு வாங்கியது. அடி எதுவும் படவில்லை, வெறும் களைப்பு. அதை வாளியில் எடுத்து விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அப்போதுதான் உன் முகம் கண்ணில் வந்து நின்றது. படிக்கிற காலத்தில், அப்பா என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தியதும் நீ சாவியைத் தொலைத்துவிட்டேன், மார்க் குறைந்துவிட்டது என்று எதையாவது சொல்லிக் குறுக்கே வருவாய், கோபம் உன் பக்கம் திரும்பும், நீ சிரித்தபடி நழுவிவிடுவாய். உனக்கும் மூச்சு வாங்கியிருக்கும் கண்ணா. நினைத்து நினைத்து அழுதேன்.

நீ வேலையை விடப்போகிற விஷயத்தை அப்பாவிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். கத்தவில்லை. மூடியின் கம்பி முனையை மடக்கிக்கொண்டே, நாம சண்டை போட்டுக்கறதுக்கு அவன் எதுக்கு வேலைய விடணும் என்றார். மறுநாளே, முன்பு பஸ் டிப்போவில் தன்னோடு வேலை பார்த்தவருடைய பட்டறைக்குத் தானாகக் கிளம்பிவிட்டார், யாரும் கூப்பிடவில்லை, அங்கே போய் ஸ்பானரோடு சண்டை போடட்டும். நானும் முன் அறையில் தையல் சொல்லித்தரப் போகிறேன், வீட்டில் நாலு பேர் சத்தம் இருந்தால் எனக்கும் தைரியமாக இருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், நேற்றும் குழம்பில் உப்பு என்று ஆரம்பித்து உன் மாமா கல்யாணம் வரை போய்விட்டது. ஆனால் அது எங்கள் பாடு.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே, ஞாயிற்றுக்கிழமையிலாவது அறையை விட்டு வெளியே போய் நாலு பேரோடு பழகு. நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நீண்ட ஆயுசோடு நீ நன்றாக இருக்க வேண்டும். ராஜினாமா கொடுக்கவில்லை என்று ஒரு வரி உடனே எழுது, அதுவரை எனக்குத் தூக்கம் இல்லை. லீவு கிடைத்தால் கட்டாயம் வா. வந்தால் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார், உள்ளே மட்டும் இறங்காதே.

இப்படிக்கு,
உன் கவலையே வேலையாய் இருக்கும்
அம்மா