பூ வைக்க விடாத படம்

அன்புள்ள சிட்டு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. அத்தை மலைக்குப் போன வேனில் ஜன்னலோரம் கிடைக்காத கோபத்தில் இன்னும் என்னோடு பேசவில்லை, வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.

உன் புது வீட்டுச் சுவரில் மாட்ட, மலைமேல் இருக்கும் போராளிகள் நினைவிடத்தில் எங்களை நிறுத்தி ஒரு படம் கேட்டாயே, ஞாயிற்றுக்கிழமை போனோம். ஸ்டுடியோக்காரன் புத்தி எங்கே போனாலும் கூடவே வருமே, நினைவுத் தூணடி மேடையில் அம்மாவையும் அத்தையையும் உட்காரவைத்து, தாடையை நிமிர்த்து, முந்தானையைச் சரிசெய் என்று கல்யாண வீடு மாதிரி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேனில் வந்த ஒரு வயதான அம்மா கையில் பூவோடு மேடைப் பக்கம் வந்தார். படத்தில் விழுகிறாரே என்று, முகத்தைக்கூடப் பார்க்காமல், தள்ளிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். மகளுக்கு அனுப்புகிற படம், இதோ முடிந்துவிடும் என்றும் சொன்னேன். தள்ளி நின்றார். மறுபடி வந்தார், மறுபடி கையை ஆட்டினேன். வெயில் இறங்கினால் முகம் எடுப்பாக விழும் என்று நான் காத்திருந்ததில் கடைசி வேன் ஹாரன் அடித்துவிட்டது. மெதுவாக நடக்கிறவர் என்பதால் அவர்தான் முதலில் படியிறங்க வேண்டியிருந்தது.

வேனில் பார்த்தால் பூ அவர் மடியிலேயே இருக்கிறது. உன் அம்மா கேட்டதற்கு, எங்கண்ணன் அங்கதாம்மா இருக்காரு, வருஷத்துக்கு ஒரு தடவதான் வர முடியுது என்றார். டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவரே என் பக்கம் திரும்பி, பொண்ணுக்கு அனுப்புற படம் நல்லா வந்துச்சாப்பா என்று கேட்டார். நல்லா வந்திருக்கும்மா என்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் வீட்டை டிரைவரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை கார் பிடித்து அவரை மலைக்கு அழைத்துப்போகலாம் என்கிறாள் அம்மா. அவர் முகத்தில் எப்படி விழிப்பேனோ தெரியவில்லை, ஆனாலும் போவேன். கேமரா வீட்டில் இருக்கட்டும்.

உன் காது வலியை அலட்சியம் செய்யாமல் டாக்டரிடம் காட்டு. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா அழகாகச் சிரிக்கிறாள், வலது ஓரத்தில் பூப் பிடித்த ஒரு கை தெரியும். அதை வெட்டியெடுக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. வெட்டவில்லை. ஃபிரேம் போடுகிறவரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்.

உன் அப்பா