தேதியை மறுபடி எடு

கள்ளிக்குப்பம்
18.3.1988

வரதன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. அன்று உங்களை மணக்க முடியாது என்று சொன்னவள், இன்று உதவி கேட்கிறேன்.

அண்ணன் கஜபதியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் தேதி விடிவதற்குள் ஃபாக்டரி ஸ்டோரில் செம்புக் கம்பி காணாமல் போனது. அன்று அண்ணனுக்கு வார விடுமுறை. அந்த இரவு மாங்காட்டில் அத்தை வீட்டில் தூங்கினான். ஆனால் ஃபாக்டரி கேட்டில் வருகையைப் பதிய நீங்கள் எழுதி வைத்துப் போன கம்ப்யூட்டர் புரோகிராம், நள்ளிரவு தாண்டிப் பதின்மூன்றாம் தேதி பிறந்ததுமே அவன் உள்ளே நுழைந்தான் என்கிறது.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்கிறார் மேனேஜர். அதே ஃபாக்டரியின் கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்ப்பவள் என்பதால், அம்மா என்னைப் பார்க்கிறாள். "உன் ரூம்ல கீற மிசினுதானடி, நீயே கேளேன்."

எழுதியவரைக் கேட்கிறேன்.

தாட்சாயிணி

*

பெங்களூர்
22.3.1988

தாட்சாயிணி,

கஜபதி உள்ளே இல்லை. பிழை புரோகிராமில்.

வாட்ச்மேன் பொத்தானைத் தட்டியதும் அது தேதியை எடுக்கும். பிறகு உள்ளே வரும் ஆளின் டோக்கன் எண்ணை அவர் அடிக்கும்வரை காத்திருக்கும். எண் வந்த பிறகுதான் மணியை எடுக்கும். நடுவில் நள்ளிரவு கடந்தால்? பழைய தேதி, புது மணி. ஆள் ஒரு முழு நாள் முன்னால் வந்ததாகிவிடும். கஜபதி விடுமுறை முடிந்து, பதினான்காம் தேதி பிறக்கும் நள்ளிரவு ஷிஃப்டுக்குத்தான் வந்திருப்பான். பதினான்காம் தேதிக்கு அவன் வருகை பதிவாகியிருக்கிறதா பார். இருக்காது.

திருத்தம்: தேதியை எடு. மணியை எடு. தேதியை மறுபடி எடு. இரண்டு தேதியும் ஒன்றானால் மட்டும் நம்பு. இல்லையென்றால் முதலிலிருந்து.

மேனேஜருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

அன்றைய பதிலில் எனக்குக் கோபமில்லை. கேட்டேன், சொன்னாய். முடிந்தது.

வரதன்

*

கள்ளிக்குப்பம்
2.4.1988

அன்புள்ள வரதன்,

அண்ணன் இன்று வேலைக்குப் போனான்.

பதினான்காம் தேதிக்கு அவன் வருகை இல்லை. ஆனால் அந்த ஷிஃப்டில் அவன் வேலை செய்ததற்கு ஃபோர்மேன் கையெழுத்து இருந்தது. விசாரணையில் காட்டினேன். வாட்ச்மேன் தேவராஜையும் கூப்பிட்டார்கள்.

"ஆமா சார், பட்டனத் தட்டிட்டு கஜபதி அண்ணாத்தேயாண்ட கத பேசிக்கினு இருந்தேன். அதுக்குள்ள ராத்திரி பன்னண்டு மணி சங்கு ஊதிட்ச்சி. அப்பாலதான் நம்பர் போட்டேன்."

மேனேஜர் ஃபோர்மேன் கையெழுத்தை மறுபடி பார்த்தார். பிறகு, "கம்ப்யூட்டருக்கு மெமோ கொடுக்க முடியுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

திருத்தத்தை நானே சேர்த்தேன். நேற்று நள்ளிரவு யாரும் முந்தைய நாளுக்குப் போகவில்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்ட நாளில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணனுக்கு வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் வீடு. அது அன்றைய பதில். நீங்கள் ஒரேயொரு முறை கேட்டுவிட்டு, அதையே நம்பி பெங்களூருக்குப் போய்விட்டீர்கள். எனக்கு எழுதி அனுப்பிய திருத்தத்தை நீங்கள் பின்பற்றவில்லை.

அம்மா கேட்கிறாள்: "அந்தப் புள்ள எப்ப ஊட்டுக்கு வருது?"

வந்தால், மறுபடி கேளுங்கள்.

உங்கள்
தாட்சாயிணி