வாசலில் தொங்கிய மிளகாய்

சம்சன்போ,
அக்டோபர், 1978

என்னங்க,

கல்யாணமான இந்த ஆறு வருஷமாக எனக்கு இதே தொல்லை. உங்களை எப்படிக் கூப்பிட்டுக் கடிதத்தைத் தொடங்குவது? பெயரைச் சொல்ல முடியாது. தெருவில் மற்ற பெண்களெல்லாம் பிள்ளை பெயரோடு 'அப்பா' சேர்த்துப் புருஷனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். எனக்கு இப்போது பிள்ளை வந்துவிட்டது, பெயர்தான் இன்னும் வரவில்லை. வீட்டில் நடக்கிற சண்டையே அதைப் பற்றித்தான்.

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. அவளும் நலம், நானும் நலம். தலை நிறைய முடி. காது மட்டும் அச்சு அசல் உங்கள் காது, பாவம். உங்கள் மல்ஜா அக்கா தன் வீட்டை அப்படியே போட்டுவிட்டு இங்கே வந்து தங்கியிருக்கிறார். மூன்று வேளையும் கடற்பாசி சூப்புதான். "குடி, குடி, பால் ஊற வேண்டாமா" என்று கிண்ணத்தை வாயருகே கொண்டுவந்து நிற்கிறார். எனக்கே செதில் முளைத்துவிடும் போலிருக்கிறது.

அங்கே ஜுபைலில் வெயில் குறைந்ததா? உப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். உங்கள் கூடாரத்து நண்பர்கள், "வாராவாரம் எந்த ஆம்பளைடா உனக்குக் காயிதம் போடுறான்?" என்று கேலி செய்கிறார்கள் என எழுதியிருந்தீர்களே, அக்காவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். உறையின் பின்னால் பில்நம் என்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே என்னைப் பையன்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் 'அடுத்தது கட்டாயம் ஆண்' என்று பொருள் வருகிற மாதிரி அப்பா வைத்த பெயர். அடுத்து தம்பி பிறந்தான். அவன் வந்த பிறகு என் பெயரால் யாருக்கும் எந்த உபயோகமும் இல்லை. நான்தான் அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தை பிறக்கும் முன்பே உங்கள் அப்பா எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். உங்கள் தலைமுறையில் பங்காளிகள் அத்தனை பேர் பெயரிலும் 'தே' இருக்கிற மாதிரி, அடுத்த தலைமுறைப் பையன்களுக்கு 'ஜுன்'. உங்கள் பெரியப்பா வீட்டில் ஜுன்சிக், ஜுன்பே என்று இரண்டு பேர் ஏற்கெனவே ஓடித் திரிகிறார்கள். நம் பிள்ளைக்கு மாமா சோதிடரிடம் போய் ஜுன்சொக் என்று எழுதி வாங்கி, சுவரில் ஒட்டியும் விட்டார். பிள்ளை பிறந்ததும் வாசலில் கட்டுகிற வைக்கோல் கயிற்றை இடக்கையாலே முறுக்கி, ஆண் பிள்ளைக்கு அடையாளமாக நடுநடுவே நல்ல சிவப்பு மிளகாயாகப் பொறுக்கிச் செருகி வைத்திருந்தார். பெண்ணாக இருந்தால் கரித்துண்டும் பைன் கொத்தும்தானே கட்ட வேண்டும் என்று அக்கா சொன்னதற்கு, "வாயைக் கழுவு" என்றாராம்.

அன்று காலையில் குழந்தை வீல் என்று கத்தியது. மருத்துவச்சி தலையை வெளியே நீட்டி, "என்னா தொண்டை, என்னா தொண்டை!" என்றாள். அவ்வளவுதான். என்ன பிள்ளை என்று மனுஷன் கேட்கவே இல்லை. ஓடிப்போய் மிளகாய்க் கயிற்றை வாசலில் கட்டிவிட்டார். நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து நின்று, "பெரியவரே, பேரன் வந்துட்டானா!" என்று கூவ, இவர் நேரே கள்ளுக்கடைக்குப் போய் இருந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்தபோதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தேன். தீக்குச்சி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

கட்டிய கயிற்றை மூன்று வாரம் ஆவதற்குள் அவிழ்த்தால் பிள்ளைக்கு ஆகாது. அதனால் அவருக்கும் தொட பயம், எங்களுக்கும் தொட பயம். நம் வீட்டு வாசலில் ஒரு பெண் குழந்தைக்கு மிளகாய் தொங்குகிறது. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. எனக்கு மட்டும் அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று கதவுக்கு அந்தப் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார். "பேரு முடிவு பண்ணியாச்சு. கிநம். அடுத்தது ஆம்பளையா வரணுமில்ல" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமனாரிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். நேற்று பேசிவிட்டேன். "வேணாம் மாமா. இன்னொருத்தனைக் கூப்பிடுறதுக்கு இவ பேரை எடுத்துக்காதீங்க. ஜுன்ஹின்னு வைங்க" என்றேன்.

"உன் பேரு பலிச்சுதுல்ல? தம்பி பொறந்தான்ல? மல்ஜாவுக்குக் கடைசின்னு பேரு வச்சேன், அதோட பொண்ணு நின்னுச்சு, உன் புருஷன் பொறந்தான். இன்னும் என்ன சாட்சி வேணும்?" என்றார். ஜுன் என்பது பையன்களுடைய குல எழுத்து, பெண்ணுக்கு வைத்தால் பங்காளிகள் காறித் துப்புவார்கள் என்றும் சொன்னார்.

அப்போது என் வாயில் எது வந்து உட்கார்ந்ததோ. "மிளகாயுந்தான் பையன்களுக்கு. அதை வாசல்ல கட்டுனது யாரு மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சூப்புக் கரண்டியோடு நின்றவர், மெதுவாகச் சொன்னார்: "அப்பா, நாப்பதை நெருங்கப் போறேன். இன்னும் ஊருக்குள்ள என்னைக் கடைசி, கடைசின்னுதான் கூப்பிடுறாங்க. நான் என்ன சட்டியில ஒட்டுன மிச்சமா?"

அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

கயிற்றை அவிழ்க்கிற அன்றே ஆபீசுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான். தயவுசெய்து உங்கள் அப்பாவுக்கு உடனே ஒரு தந்தி அடியுங்கள். ஒரே ஒரு வரி போதும். நான் இதுவரை உங்களிடம் எதுவும் கேட்டதில்லை.

*

இதற்குக் கீழே எழுதுவது பத்து நாள் கழித்து. கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை அரிசிப் பானை மேல் வைத்து, அதன்மேல் முறத்தைக் கவிழ்த்துவிட்டு மறந்தே போய்விட்டார். இன்றைக்கு அரிசி எடுக்கப் போனபோது கிடைத்தது. நான் தினமும் உங்கள் தந்திக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களை மனசுக்குள் என்னென்ன திட்டினேன் என்று கேட்காதீர்கள்.

இன்று காலை மாமா கயிற்றை அவிழ்த்தார். மிளகாயை ஒவ்வொன்றாக உருவி ஒரு தாளில் வைத்து மடித்தார். வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அக்கா, "அப்பா..." என்று கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் பாட்டுக்குப் பால் குடித்தாள்.

மத்தியானம் முற்றத்தில் செருப்புச் சத்தம். "ஜுன்ஹி அம்மா! ஏ, ஜுன்ஹி அம்மா! இந்த மீனை வாங்கி உள்ள வை!" என்று மாமா குரல் கொடுக்கிறார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஓடிவந்து என் தோளில் ஒன்று போட்டார். "அடியே, உன்னைத்தான்டி!"

நான் எழுந்து கதவைத் திறந்தேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆபீசுல அந்தப் பய கேக்குறான், 'பொண்ணுன்னு போட்டிருக்கு, பசங்க எழுத்தால்ல இருக்கு, தப்பா எழுதிட்டீங்களா பெரியவரே'ன்னு. 'என் வீட்டு வாசல்ல மிளகாதான்டா தொங்குச்சு, ஊரே பாத்துச்சு, எழுதுடா'ன்னேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அக்கா அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டே புகையைத் திட்டினார். அடுப்பு அப்போது எரியவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஜுன்சொக் தாளைக் கிழிக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, "இருக்கட்டும், அவ தம்பிக்கு ஆகும்" என்று மாமா குரல் கொடுத்தார். ஆசை விடவில்லை பாருங்கள். அதற்கு நீங்கள் முதலில் ஊருக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உங்கள் அப்பாவுக்கு இனித் தந்தி வேண்டாம். ஒரு கடிதம் போடுங்கள், மேலே 'ஜுன்ஹி தாத்தாவுக்கு' என்று எழுதுங்கள். அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கள்ளுக்கடை வரை போய் வருவார். எனக்கு எழுதும்போது உறையில் பில்நம் என்று எழுத வேண்டாம். நம் பெண்ணின் பெயரைப் போட்டு அம்மா என்று எழுதினால் போதும், வந்து சேர்ந்துவிடும். தபால்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

இவளுடைய முதல் பிறந்தநாளுக்குப் பட்டுச் சட்டை தைக்க மல்ஜா அக்கா இப்போதே துணி பார்க்கிறார். அன்றைக்கு ஆயுளுக்கு நூலும் படிப்புக்குப் பென்சிலும் தட்டில் வைக்கும்போது, இவள் எதை எடுக்கிறாள் என்று பார்க்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். உங்கள் ஒப்பந்தம் அதற்கு முந்தின மாசம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடச் சொல்லி யார் கேட்டாலும், வீட்டில் மகள் காத்திருக்கிறாள், பெயர் இன்னது என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஜுன்ஹி அப்பா.

இப்படிக்கு,
ஜுன்ஹி அம்மா