பீலியில் வந்த நீலம்

போன வாரம் உன் மகள் உன் வீட்டை ஒழித்தாள். புருசன் ஊரோடு போய்விடப் போகிறாளாம். கிளம்பும்போது ஒரு தகரப் பெட்டியை என் வாசலில் இறக்கி வைத்து, “பெரியம்மா, இதுல அம்மா சாமான் கெடக்கு. வேணுங்கிறத எடுத்துக்கிட்டு மிச்சத்தப் போட்டுருங்க” என்றாள். திறந்து பார்த்தேன். உன் பச்சைக் கம்பளிச் சட்டை, பல் போன ஒரு சீப்பு, இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் கோப்பை. எல்லாவற்றுக்கும் அடியில், பழந்துணியில் சுற்றி ஒரு சொட்டு நீலப் புட்டி. இரண்டு விரற்கடை நீலம் மிச்சம் இருந்தது.

நீலம் போட்டு வெளுக்கிற மாதிரி வெள்ளைத் துணி உன்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் புட்டியை எதற்காகப் பத்திரப்படுத்தினாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் அஞ்சாம் வகுப்புத் தாண்டாதவள். ஆனாலும் பூண்டுக்குப் போடும் மருந்து டப்பாவில் அச்சடித்திருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்து, இத்தனை தண்ணீருக்கு இத்தனை மூடி என்று சொல்லக்கூடியவள் நம் ஊர்ப் பெண்களில் அப்போது நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு என்பது உனக்குத் தெரியும். பலமுறை அதை வைத்தே என்னைக் கிண்டல் செய்திருக்கிறாய். “அக்கா கலெக்டருக்குப் படிச்சிருக்க வேண்டியவங்க. பூண்டுதான் கெடுத்துப்புடுச்சு.”

நாயுடுபுரத்தில் கொஞ்ச காலம் கூலி வேலை பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு நீ எங்கள் தோட்டத்துக்குக் களையெடுக்க வந்தாய். அப்போது நீ பேசியதில் பாதி எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. டீயைத் தேத்தண்ணி என்பாய். பாறையிடுக்கில் ஊறி மூங்கில் வழியே விழும் எங்கள் ஊற்றைப் பார்த்து, “இங்கயும் பீலி இருக்கே!” என்று ஓடினாய். இலங்கையில் நீங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அப்படி விழும் தண்ணீருக்குப் பீலி என்று பெயராம். நாங்கள் உன்னைப் ‘பீலிக்காரி’ என்று கேலி செய்தோம். ஐந்தாறு வருசத்தில் ஊரே அதைப் பீலி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதற்கு வேறு பெயர் இருந்ததே தெரியாது.

நம் இருவருக்கும் தலை நரைத்த பிறகு, ஒரு ஐப்பசியில் பீலிக்கு என்னவோ ஆனது. நீதான் முதலில் சொன்னாய். “அக்கா, பீலிக்கரையில தவளைச் சத்தமே இல்ல, கவனிச்சீங்களா? தேத்தண்ணியும் நாக்குல ஒரு மாதிரி ஒட்டுது.” எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மாதமே கீழ்த்தெருவில் நாலைந்து பிள்ளைகள் வாந்தி எடுத்துக் கிடந்தார்கள். நர்சம்மா வந்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேலே புதிதாகக் கட்டியிருந்த காட்டேஜ்தான் என்று அடித்துச் சொன்னேன். அவர்கள் கக்கூஸ் குழி நிரம்பி வழிவதை ஊரே பார்த்திருந்தது. “கெளம்புடி, மேல போயி நாலு வார்த்த கேட்டுட்டு வருவோம்” என்றேன். நீதான் நிறுத்தினாய். “கேக்குறதுக்கு முன்ன பாத்துட்டுப் போவோம் அக்கா. லயத்துல ஒருக்கா இப்படி வந்தப்ப எங்க ஆத்தா சொட்டு நீலம் ஊத்திப் பாத்தாங்க. எங்க ஊத்துன நீலம் பீலில வருதோ, அங்கதான் அழுக்கு இருக்கு. விளங்குதா?”

விளங்கியது. மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். கையில் நீலப் புட்டிகள், மடியில் வறுத்த கடலை. பனிமூட்டத்தில் நீ முன்னால் போக, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். காட்டேஜுக்குப் பின்பக்கம், தொட்டால் அரிக்கும் செந்தட்டி இடுப்புயரம் தளதளவென்று வளர்ந்திருந்தது. குழித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த செடி. படுக்கை விரிப்புத் துவைத்த சோப்பு நுரை ஓடையில் மிதந்தது. காவல்காரன் வந்து, “பாட்டிங்களா, டூரிஸ்ட்டு தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க” என்றான். “நாங்க எங்கப்பா சத்தம் போடுறோம்? உங்க குழிதான் பொங்கிக்கிட்டு கெடக்கு” என்றாய் நீ. அவன் அந்தப்பக்கம் திரும்பியதும் நுரைக்குள் முதல் புட்டியைக் கவிழ்த்தாய்.

அன்றைக்கும் மறுநாளும் பீலிக்கு அடியில் உன் வெள்ளைக் கோப்பையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தோம். நீலம் வரவில்லை. அந்த ஓடை நம் பீலியைத் தொடாமலே வளைந்து, கன்னிவாடிப் பக்கம் இறங்கிப் போய்விடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே யார் குடிக்கிறார்களோ, பாவம்.

அடுத்து, கேரட் கழுவும் இடம். தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. கரையெல்லாம் சுற்றுலாக்காரர்கள் எறிந்த பாட்டிலும் பிள்ளைகளுக்குக் கட்டி அவிழ்த்த டயப்பரும். அங்கே ஊற்றியதும் வரவில்லை. திரும்பி வரும்போது ஒரு கல்லில் உட்கார்ந்து கடலையைத் தின்றபடி நீ சொன்னாய்: “மண்ணு கலந்தா தெளிஞ்சிரும் அக்கா. பீ கலந்தா நாத்தமடிச்சுக் காட்டிக் குடுத்துரும். மருந்து கலந்தாத்தான் ஒண்ணுமே காட்டாது.”

அப்போதே உன் மனதில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, “உங்க பேரி மரத்தடியிலயும் ஊத்திப் பாப்பமா?” என்றாய்.

பேரிக்காய் மரத்தடியில் ஒரு பள்ளம் உண்டு. விதைப்பூண்டை மருந்துத் தண்ணீரில் நனைத்து நட்டு முடித்ததும் டிரம்மையும் டப்பாவையும் நான் அங்கேதான் கழுவுவேன். மற்றவர்கள் அப்படியே போட்டு வைப்பார்கள். நான் மட்டும் மூன்று முறை கழுவுவேன். டப்பாவிலேயே போட்டிருந்தது, ‘மூன்று முறை கழுவவும்’ என்று. வாசித்தவள் நான். என்னைப் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் அவரவர் பள்ளத்தில் மூன்று முறை கழுவப் பழகினார்கள். ஆகவே நீ கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “ஊத்துடி, நல்லா ஊத்து. என் சுத்தம் ஊருக்கே தெரியும்” என்றேன்.

மறுநாள் விடிந்து நான் பீலிக்கு வந்தபோது நீ எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாய். கோப்பையை நீட்டினாய். வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் இளநீலமாக இருந்தது.

“வானம் தெரியுதுடி அதுல” என்றேன்.

“அக்கா, வானம் மூடிக் கெடக்கு” என்றாய்.

கோப்பையைக் கவிழ்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். அந்த வாரமே ஊர்க்கூட்டம் நடந்தது. நான் எழுந்து காட்டேஜ்தான் காரணம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ கடைசி வரிசையில் சாக்கு மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும் வழியில், “நீயாச்சும் சொல்லியிருக்கலாம்லடி” என்று உன் மேலேயே பாய்ந்தேன்.

“நான் சொன்னா கூலிக்காரி தோட்டக்காரங்க மேல பழி போடுறான்னு ஆகும். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

மறுநாளிலிருந்து நீ பீலியில் தண்ணீர் எடுக்கவில்லை. இரண்டு மேடு தாண்டி, சோலைக்குள் இருக்கும் ஓடைக்கு நடந்தாய். தினமும் என் வீட்டு வாசல் வழியாகத்தான் போவாய். “என்ன அக்கா, தேத்தண்ணி குடிச்சாச்சா?” என்று எப்போதும் போலக் கேட்பாய். நீ ஒரு தடவை கோபமாகப் பேசியிருந்தால் நான் பதிலுக்கு நாலு பேசி, அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். நீ பேசவில்லை. நானும் ஒருவருக்கும் தெரியாமல் பள்ளத்தில் கழுவுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். என்னைப் பார்த்துக் கழுவப் பழகியவர்கள் நிறுத்தவில்லை. அவர்களை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பீலிக்கரைக்குத் தவளையும் திரும்பவில்லை.

போன மார்கழியில் நீ மார்ச்சளியோடு படுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடைசி நாளுக்கு முதல் நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். “பீலித் தண்ணி ஒரு வாய் தாங்க அக்கா” என்றாய். அந்தத் தண்ணீரை எப்படி உன் வாயில் ஊற்றுவேன்? வீட்டுக்குப் போய்க் கடையில் வாங்கிய கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, “பீலித் தண்ணியா?” என்றாய்.

“ஆமாடி. பீலித் தண்ணிதான்.”

“அப்ப பீலி நல்லாயிருச்சு” என்று சொல்லி, செம்பு முழுவதையும் குடித்தாய்.

நம்பிக் குடித்தாயா, எனக்காகக் குடித்தாயா? இதை யாரிடம் கேட்பேன்? பிறந்ததிலிருந்து மலைத் தண்ணீர் குடித்த உன் நாக்குக்குக் கேன் தண்ணீர் தெரியாமலா போயிருக்கும்?

இவ்வளவும் அந்தப் புட்டியைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், பீலியைச் சுத்தம் செய்யக் காட்டேஜ் மேல் மனு கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மனுவை வாசிக்க வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். நான் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “காட்டேஜு மேல மனு குடுங்க, அவங்க குழி நாறத்தான் செய்யுது. ஆனா நம்ம பீலியக் கெடுத்தது அது இல்ல. என் பேரி மரத்தடிப் பள்ளம். நான் கழுவி ஊத்துன மருந்து.”

என் மகன் முகம் சிவந்துவிட்டது. “அம்மா, வீட்டுல பேசுவோம், உக்காருங்க.”

“வீட்டுலதான்டா இத்தன வருசமாப் பேசாம இருந்தேன்.”

பக்கத்துத் தோட்டத்துக்காரன், என் மகன் வயசுக்காரன், எழுந்து சிரித்தான். “மரத்துக்கும் பீலிக்கும் நடுவுல இம்புட்டுப் பெரிய பாறை கெடக்கு. அத்த, எப்பிடித் தண்ணி வரும்?”

“ஏலே, பாறைக்கு அடியில நீ போயிப் பாத்தியா? வா, இப்பவே காட்டுறேன்.”

அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். எல்லோரும் பார்க்க உன் புட்டியைப் பள்ளத்தில் கவிழ்த்தேன். அதன் மேல் இரண்டு குடம் தண்ணீர். மறுநாள் காலையில் பீலியைச் சுற்றி ஊரே நின்றது. உன் வெள்ளைக் கோப்பையை நான்தான் பிடித்தேன். நீலம் வந்தது. வானம் அன்றைக்கும் மூடித்தான் கிடந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். சிரித்தவன் மட்டும் கிட்டே வந்து, “என் பள்ளத்துலயும் ஊத்திப் பாக்கணும் அத்த” என்றான். அவன் மனைவிக்குக் கழுவக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. பீலிக்கு மேலே இருக்கிற துண்டு நிலத்தில் இந்தப் போகம் பூண்டு வேண்டாம், புல்லே வளரட்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. காலேஜில் படிக்கும் பேத்தி பீலித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். நல்ல பதில் வர எத்தனை மழை ஆகுமோ. அதுவரை நீ நடந்த வழியில் சோலை ஓடைக்கு நான் நடக்கிறேன். இரண்டு மேடு தாண்டுவது எவ்வளவு தூரம் என்று இப்போதுதான் தெரிகிறது. பீலித் தண்ணீர் குடிக்கலாம் என்று தாளில் வருகிற அன்றைக்கு, முதல் செம்பு உன்னைப் புதைத்த இடத்துக்கு வரும். அப்போது பொய் இருக்காது.

பழைய டப்பா ஒன்றை எடுத்துப் பேத்தியிடம் காட்டினேன். ‘மூன்று முறை கழுவவும்’ என்பதற்கு அடுத்து ஒரு வரி இருக்கிறது. பொடி எழுத்து. நான் ஒருநாளும் வாசிக்காத வரி. ‘கழுவிய நீரை நீர்நிலைகளுக்கு அருகில் ஊற்றாதீர்கள்’ என்று வாசித்துக் காட்டினாள்.

உன் நீலப் புட்டி இப்போது காலி. சாமி படத்துக்குக் கீழே, உன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உள்ளே ஓரத்தில் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதையும் கழுவாமல் உள்ளே வைக்காதவள் நான். இதை மட்டும் கழுவவில்லை. கழுவினால் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?