உப்பில்லாத முதல் இலை

மலாயாவில் குளுவாங் ஊர் முழுக்க ‘டிராலி ஐயா’ என்று பேர் வாங்கிய, என்னைப் பெற்ற அருமை ஐயாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நாளை உங்கள் நாலாவது திவசம். விடிந்துவிட்டால் அடுப்படியை விட்டு நகர முடியாது. உங்களுக்கு இலை போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இந்த விளக்கை ஏற்றி உட்கார்ந்திருக்கிறேன்.

இதன் நகல் ஒன்றை மாதர் சங்கத்துப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். நம் வீட்டுக் கதை ஊருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே இதே கதை எத்தனை வீட்டில் நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன், ஐயா. அதனால்தான்.

நீங்கள் பார்த்துத் தந்த மாப்பிள்ளை இன்னும் அதே ஸ்டேசனில் சரக்குக் கிளாக்கராகத்தான் இருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் ஸ்டேசன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். வீட்டில் சொல்லவில்லை. சாயங்காலம் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் கால் வீங்கியிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. உங்கள் காலில் நான் பார்த்த அதே குழி.

டாக்டர் கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். “இதயம் களைத்திருக்கிறது, கெட்டுப்போகவில்லை” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வீடு வரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். மருந்து கொஞ்சம்தான் எழுதினார். உப்பைக் குறைக்க வேண்டும், சுருட்டை விட வேண்டும், தினமும் மெல்ல நடக்க வேண்டும், நேரத்துக்குப் படுக்க வேண்டும். இவ்வளவுதானா என்று கேட்டேன். “இவ்வளவையும் செய்து பாருங்கள், அப்புறம் ‘இவ்வளவுதானா’ என்று சொல்ல மாட்டீர்கள்” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். நடப்பது என்றால் நம் ஆட்களுக்கு எவ்வளவு மானப்பிரச்சினை என்று உங்களுக்குத் தெரியாதா? தண்டவாளம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்த இத்தனை வருஷத்தில் நீங்கள் தண்டவாளத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. முனியாண்டியும் இன்னொருவரும் டிராலியைத் தள்ள, நீங்கள் குடைக்குக் கீழே உட்கார்ந்து போவீர்கள். இறங்கியதும் பசாருக்கு ரிக்‌ஷா. நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது, “ஐயா, இதயம் ஒரு தசை. வேலை கொடுத்தால்தான் அது பலக்கும்” என்று என் உடலியல் பாடத்தைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். “நடக்கிறதுக்குத்தானே பிள்ளை முனியாண்டிக்குச் சம்பளம்” என்றீர்கள். முனியாண்டிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏறுகிறார்.

உங்கள் மாப்பிள்ளை முதல் வாரம் நடந்து வேலைக்குப் போனபோது கூட்ஸ் ஷெட்டில் எல்லாருக்கும் வேடிக்கை.

“என்னா கிளாக்கரய்யா, சைக்கிள மலாய்க் கம்பத்து வீடுங்க பக்கம் தொலைச்சிட்டீங்களா?”

“இல்லை, சைக்கிளுக்கு நெஞ்சு நோ. ஓய்வெடுக்குது” என்றாராம் இவர். அதோடு கேலி நின்றுவிட்டது. இப்போது அவர்களில் இரண்டு பேர் கூடவே நடக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூர் வண்டி போவதைப் பார்க்கப் போகிறார். அவள் நடைக்குத் தக்கபடிதான் போக முடியும். டாக்டர் ‘மெல்ல’ என்று சொன்னதற்கு இதைவிட நல்ல காவல் கிடைக்குமா?

சுருட்டுத்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாயில் ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டு, ஜன்னலோரம் நின்று பக்கத்து வீட்டுப் புகையை மோந்து பார்ப்பார். பிறகு அதுவும் அடங்கியது.

இதெல்லாம் நடந்தும், மூன்றாம் மாதம் கால் மறுபடி வீங்கியது, ஐயா.

உப்பை நானே அளந்துதான் சமைத்தேன். அதற்குப் பதிலாகத் தேசிக்காய் பிழிந்த புளியும் மிளகும் வறுத்த சீரகமும் போட்டுப் பழக்கியிருந்தேன். நடை நிற்கவில்லை. பின் ஏன்? ராத்திரியில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பேன். பிள்ளைக்கு இரண்டரை வயதுதான் ஆகிறது, இவளை அப்பா இல்லாமல் வளர்க்க எனக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். மருமகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, சோற்றுக்கு நடுவில் மோர் மிளகாயை நொறுக்கி வைத்து, மேலே சோற்றை மூடினாள். உப்பு பூத்த வெள்ளை மிளகாய். என்னைக் கண்டதும் கை நின்றது.

“எத்தினை நாளா அம்மா?”

“என்ன எத்தினை நாளா? உப்பில்லாத சோத்தை என்ர மருமகனுக்குப் போட நான் என்ன மாமியாரோ, சத்துருவோ? உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சொல்லுவினம். உப்பிடாதவளை என்னெண்டு சொல்லுவினம்?”

“அவர் கேட்டவரோ?”

“கேக்கேல்லை. முகத்தைப் பாக்க எனக்குப் பொறுக்கேல்லை, பிள்ளை. பச்சைப் பிள்ளை மாதிரிக் குனிஞ்சு குனிஞ்சு சாப்பிடுறார்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். அன்றுவரை உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் படுத்திருந்த கடைசி நாட்கள். உப்புக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உங்களைப் பெரிய சாய்மனைக் கதிரையில் இருத்தி, ஒரு அடி நடக்க விடாமல், நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று காவல் காத்தோம். அம்மா தண்ணீர்த் தொட்டியடிக்குப் போயிருந்த நேரம், “பரமு, ஒரு சின்னத் துண்டு ஊறுகாய், பிள்ளை. நாக்குச் செத்துப்போச்சு” என்றீர்கள். நான் படித்தவள். மாட்டின் இதயத்தை மேசையில் வைத்து அறுத்துப் பார்த்தவள். எல்லாம் தெரிந்தும் வாழையிலைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்து தந்தேன். ஒரு நாள் அல்ல, ஐயா. நாலு நாள். ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு சப்பினீர்கள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை.

அன்றைக்கு அடுப்படியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னேன். அம்மா சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, “வாசம் வந்தது. நான் அவரே எழும்பி எடுத்தவர் எண்டு நினைச்சன்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எழும்பி நடந்திருக்கிறார் எண்டு உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டனான்” என்றாள்.

இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதோம். பசியோடு வந்து நின்ற உங்கள் மாப்பிள்ளை, “இஞ்சருமப்பா, சோத்துக்கு உப்பில்லையெண்டு கண்ணீர் விட்டுச் சரிக்கட்டுறியளோ?” என்று கேட்டார். அழுதுகொண்டே சிரித்தோம். அந்தத் தட்டை அம்மாவே எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வேறு சோறு போட்டாள். தனக்கும் அதே பானையிலிருந்து போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்று தொடங்கி இன்றுவரை அம்மா தனக்கென்று வேறு உப்புப் போட்டதில்லை.

மனம் கேளாமல் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸரிடமும் போய்க் கேட்டேன், அந்த நாலு துண்டுதான் உங்களைக் கொண்டுபோயிற்றா என்று. வயதான மனுஷர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாலு துண்டு ஊறுகாய் யாரையும் கொல்லாதுங்கம்மா. இருவது வருசப் பழக்கம்தான் கொல்லும். நீங்க அந்தப் பழக்கத்தைப் பாருங்க, துண்டை விடுங்க.” அன்றிரவு, உங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, நான் விடியும்வரை தூங்கினேன்.

கெட்டது இருபது வருஷம் எடுத்துக்கொள்ளுமென்றால் நல்லதற்கும் நாள் கொடுக்கத்தானே வேண்டும்? கொடுத்தோம். இப்போது கணுக்காலை அழுத்தினால் குழி விழுவதில்லை. போன மாதம் டாக்டர் பட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். நேற்று இவர் மேம்பாலத்தை நிற்காமல் ஏறி, மேலே நின்றுகொண்டு கீழே இருந்த எங்களுக்குக் கையைக் காட்டினார். “அப்பா மேல” என்று பிள்ளை கத்தினாள். பிளாட்பாரத்தில் இருந்த முனியாண்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, “டிராலி ஐயா மருமகனா அது? நல்லா இருக்கட்டும்” என்றார். பயம் முழுக்கப் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியும். அது பெரிய பலம், ஐயா.

நாளைய சங்கதிக்கு வருகிறேன். படையலுக்குச் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. அம்மாவின் கைதான் அளவு. மூன்று வருஷமும் உங்களுக்குப் பிடித்ததென்று மோர் மிளகாயும் ஊறுகாயும் வடகமும் இலை நிறைய வைத்தாள். படைத்த இலையை வீட்டு ஆண்பிள்ளை சாப்பிட வேண்டும். ஆகவே இந்த வருஷம் அந்த இலை யாருக்கு முன்னால் வந்து நிற்கும் என்று ஒரு வாரமாக எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் எப்படிக் கேட்பது? தன் புருஷனுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் சோறு போடுகிறவளிடம்?

இன்று சாயங்காலம் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவே தொடங்கினாள்.

“நாளைக்கு ஊறுகாய்ச் சாடியை எடுக்காதை, பிள்ளை.”

“ஐயாவின்ர இலைக்கோ?”

“அவற்ர இலைக்குத்தான். உப்பும் நுனியிலை வையாதை.”

“அவர் உப்பில்லாமல் சாப்பிடுவாரோ அம்மா?”

அம்மா கத்தரிக்காயை விட்டுத் தலை நிமிரவில்லை. “பழகட்டும். அங்கையாவது அவற்ர நெஞ்சு நல்லா இருக்கட்டும்” என்றாள்.

அதனால்தான், ஐயா, முன்கூட்டியே எழுதுகிறேன். முதல் இலை உங்களுடையது. அதில் தேசிக்காய்ப் புளி விட்ட கத்தரிக்காயும் மிளகு தூக்கலான பருப்பும் இருக்கும், உப்பு இருக்காது. உங்களுக்குத் தர மனமில்லாமல் அல்ல, உங்களையும் சேர்த்துத்தான் இந்த வீட்டில் கணக்கு. உங்கள் மாப்பிள்ளை, உங்கள் பேத்தியின் கல்யாணத்துக்கு அதே மேம்பாலத்தை நடந்து ஏறிப் போகும்படி பார்த்துக்கொள்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

சோறு வைத்ததும் நாங்கள் கொல்லைப்புறம் நின்று காகத்தைக் கூப்பிடுவோம். போன வருஷம் வெகுநேரம் காக்க வைத்துவிட்டீர்கள். அம்மா பட்டினியாக நிற்பாள். முகம் சுளிக்காமல் வந்து ஒரு வாய் எடுங்கள். சீக்கிரம் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஊறுகாய் கொண்டுவந்து தந்த உங்கள் மகள்,
பரமு